வில்லு மேல ஆச வந்துடுச்சு, எங்க ஆரம்பிக்கறது? வடசென்னைல எங்ககிட்ட அடிக்கடி கேக்கற கேள்விங்க

ஞாயித்துக்கிழம காலைல கொருக்குப்பேட்டை பக்கம் ஒரு பழைய குடோன்ல நாங்க எட்டு பத்து பேர் சேர்ந்து அம்பு விடறோம். கேட்டு பாதி தொறந்திருக்கும், ரோட்ல போறவங்க வண்டிய நிறுத்தி எட்டிப் பாப்பாங்க, அப்புறம் வாராவாரம் அதே கேள்விங்கதான். டீக்கடைல நின்னு பதில் சொல்லிச் சொல்லி இப்ப எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டேன். நாங்க விடறது பாரம்பரிய வில்லு, அதாவது குறி பாக்க உதவற சைட்டு கெடையாது, இழுக்கறத லேசாக்கற கப்பி கெடையாது, வில்லு ஆடாம புடிக்கற ஸ்டெபிலைசர் கம்பி கெடையாது, ஒரு வளைஞ்ச கட்ட, ஒரு நாண், ஒரு அம்பு, அவ்ளோதான்.

எல்லாரும் எப்படிண்ணா இதுக்குள்ள வர்றாங்க? சினிமா பாத்தா?

சினிமா பாத்து வர்றவங்க நெறைய பேர் இருக்காங்க, அது தப்பே இல்ல, ஆனா சினிமா கேட்டு வரைக்கும்தான் கூட்டிட்டு வரும். உள்ள வந்து மூணு மாசம் கழிச்சும் இருக்கறவங்கள கேட்டுப் பாருங்க, முக்காவாசி பேர் சொல்றது ரெண்டே விஷயம். ஒண்ணு, சின்ன வயசுல தொடப்பக்குச்சிய வளைச்சு நூல் கட்டி ஓலப்பாய்ல அம்பு விட்டது. நம்ம தெருப் புள்ளைங்க எல்லாமே ஒரு தடவையாவது அத செஞ்சிருக்கும், அப்புறம் குடைக்கம்பில செஞ்சு அம்மாகிட்ட அடி வாங்கியிருக்கும். ரெண்டாவது, யாரோ ஒருத்தர் நெஜமா அம்பு விடறத கிட்ட நின்னு பாத்தது. இந்த ரெண்டாவதுதான் ஆள உள்ள இழுக்குது, இத நான் நம்பறேன், ஏன்னா எனக்கு நடந்ததே அதுதான்.

2014ல நான் மாதவரத்துல ஒரு லாரி ஷெட்ல லோடு சூப்பர்வைசரா இருந்தேன். லோடு ஏத்தறவங்கள்ல ஒருத்தர் ஜார்கண்ட்காரர், தும்கா பக்கம், நாப்பது வயசு இருக்கும், யார்கிட்டயும் அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்துல பாத்தா மனுஷன் மூங்கில்ல ஒரு வில்லு செஞ்சு வெச்சிருக்கார், நாண் கூட கயிறு இல்ல, மூங்கில் பட்டையவே மெல்லிசா சீவி நாணா கட்டியிருந்தார். பதினஞ்சு அடி தூரத்துல ஒரு தெர்மாகோல் பொட்டி, பின்னாடி மணல் மூட்ட. வில்லத் தூக்கினார், ஒரு கண்ண மூடல, ரெண்டு கண்ணும் தொறந்தேதான் இருந்துச்சு, மூச்சு பாதில நின்னுச்சு, விரல் தானா வழுக்கின மாதிரி விட்டுச்சு. தொப். அந்த சத்தம் இருக்கே, பெருசா ஒண்ணும் இல்ல, ஈரத் துணிய கல்லுல போட்ட மாதிரி ஒரு சத்தம், ஆனா எனக்கு அடிவயித்துல கேட்டுச்சு. அடுத்த அம்பு மொத அம்புக்கு ஒரு விரக்கடை தள்ளி. என் கைல குடுத்தார், நான் விட்டது நாலடி தள்ளி தரைல விழுந்துச்சு. அவர் எதுவும் சொல்லல, என் இடது முழங்கைய மட்டும் புடிச்சு லேசா வெளிப்பக்கமா திருப்பி விட்டார். நாண் கைல அடிக்காம இருக்க அதுதான் வழின்னு எனக்கு ரெண்டு வருஷம் கழிச்சுதான் புரிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி தூங்கல. அவர் ஆறு மாசத்துல ஊருக்குப் போயிட்டார். இன்னிக்கும் யாராவது புதுசா வந்தா நான் வாயால சொல்லிக் குடுக்கறதுக்கு முன்னாடி முழங்கையத்தான் புடிச்சுத் திருப்பறேன்.

வெளிநாட்ல வில்லுன்னாலே வேட்டைங்கறாங்களே, அது எப்படி ஆரம்பிச்சுச்சு?

அமெரிக்கால வில் வேட்டை பெரிய விஷயம், அதோட கதையும் இதே மாதிரி ஒருத்தர ஒருத்தர் பாத்து ஒட்டிக்கிட்ட கதைதான். அங்க உள்நாட்டுப் போர் முடிஞ்சதும் தோத்த தெக்கத்தி படைல இருந்த தாம்சன் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் துப்பாக்கி வெச்சுக்க முடியாத நெலமைல வில்ல எடுத்தாங்க. அதுல அண்ணன் மாரிஸ் எழுதின புஸ்தகம் 1878ல வந்து நாடு முழுக்க வில் பித்து புடிச்சுச்சு, அடுத்த வருஷமே தேசிய சங்கம் ஆரம்பிச்சாங்க. அப்புறம் அது மெல்ல அடங்கிப் போச்சு.

திரும்ப உயிர் குடுத்தது இஷின்னு ஒரு மனுஷர். கலிபோர்னியால யாஹின்னு ஒரு பழங்குடி, மொத்த சனத்தையும் வெள்ளக்காரங்க அழிச்சுட்டாங்க, கடைசியா மிஞ்சின ஒத்த ஆள் 1911ல ஓரோவில்ங்கற ஊருக்கு வெளிய பசியோட வந்து நின்னார். அவர சான் பிரான்சிஸ்கோல ஒரு மியூசியத்துல தங்க வெச்சாங்க. பக்கத்து ஆஸ்பத்திரில சாக்ஸ்டன் போப்னு ஒரு சர்ஜன், இஷிக்கு வைத்தியம் பாக்க வந்தவர், இஷி வில்லு செய்யறதையும் அம்பு விடறதையும் பாத்து அப்படியே ஒக்காந்துட்டார். டாக்டர் சிஷ்யன், காட்டு மனுஷர் வாத்தியார். 1916ல காசநோய்ல இஷி போயிட்டார். போப் கத்துக்கிட்டத 1923ல புஸ்தகமா போட்டார், அவர் கூட்டாளி ஆர்ட் யங் அலாஸ்கா போய் வில்லோட வேட்டையாடி படம் புடிச்சு ஊர் ஊரா போட்டுக் காட்டினார். அந்தப் படத்த டெட்ராய்ட்ல பாத்தவர்தான் ஃப்ரெட் பேர், கார் கம்பெனில பேட்டர்ன் மேக்கரா இருந்த ஒரு சாதாரண தொழிலாளி, நம்ம எண்ணூர்லயும் பெரம்பூர்லயும் ஷிப்ட் போறவங்க மாதிரி ஒரு ஆள்னு வெச்சுக்கங்க. அவர் பின்னாடி 1933ல வில்லு கம்பெனியே ஆரம்பிச்சு அமெரிக்கா முழுக்க இத கொண்டு போய் சேத்தார். இஷிலேர்ந்து போப், போப்புக்கு யங், யங்லேர்ந்து பேர். ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர் கையப் பாத்துதான் வந்தாங்க.

அழிஞ்சு போன ஒரு சனத்தோட கடைசி மனுஷன் கைலேர்ந்து இது வந்துச்சுங்கறத நான் புதுசா வர்ற ஒவ்வொருத்தருக்கும் சொல்லிடுவேன். அது தெரியாம அந்த வில்லத் தொடறது எனக்கு சரியாப் படல.

அப்போ நாமளும் புலிக்காட் ஏரி பக்கம் போய் ஒரு முயலு கொக்குன்னு…?

கூடாது. இது இங்க அடிக்கடி வர்ற கேள்வி, அதனால நேராவே சொல்றேன். 1972 வனஉயிர் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியால வேட்டை தடை. பட்டியல்ல இருக்கற எந்தப் பிராணியையும் கொல்றது மட்டும் இல்ல, புடிக்கறது, கண்ணி வெக்கறது, கொல்லப் பாக்கற முயற்சி கூட அந்த சட்டத்துல வேட்டைன்னுதான் எழுதியிருக்கு, பறவையோட முட்டையவோ கூட்டையோ கலைச்சா அதுவும் சேத்தி. அம்பு படலன்னாலும் கேசுதான். உடும்பு மொத அட்டவணைல இருக்கு, அதுக்கு கொறஞ்சது மூணு வருஷம், ஏழு வருஷம் வரைக்கும் உள்ள போகலாம். தெரு நாய், பூனை மேல விட்டா மிருகவதை தடைச் சட்டம் தனியா வரும். உண்டிகோல்ல ஓணான் அடிச்ச நெனப்புல யாராவது வந்தா மொத நாளே உக்கார வெச்சு பேசிடுவேன், புரியலன்னா வில்லு கைக்கு வராது.

எல்லா நாட்லயும் அனுமதின்னு நெனச்சுக்காதீங்க, பிரிட்டன்ல கூட வில் வேட்டைக்குத் தடைதான். அனுமதி இருக்கற அமெரிக்க மாநிலங்கள்லயும் லைசன்ஸு, சீசன் தேதி, பல எடத்துல வில்லோட இழுப்பு பலம் இவ்ளோவாவது இருக்கணும்ங்கற விதி, எல்லாம் உண்டு. துப்பாக்கி மாதிரி அடி இடியில கொல்றது இல்ல அம்பு, பிளேடு முனை அறுத்து ரத்தம் போய்தான் மிருகம் சாகும், அதனால எடம் தப்பினா அது நாள் கணக்குல துடிக்கும். அது தெரிஞ்ச நல்ல வேட்டைக்காரங்க, அதுவும் நம்ம மாதிரி சைட்டு இல்லாத வில்லு வெச்சிருக்கறவங்க, பெரும்பாலும் இருவது கெஜத்துக்கு மேல விட மாட்டாங்க, வருஷம் முழுக்க பழகிட்டு ஒரு சீசன்ல ஒரு அம்பு கூட விடாம திரும்பறவங்க எவ்வளவோ பேர்.

அப்போ அந்த வேட்டைல இருக்கற கிக்கு நமக்கு கெடைக்கவே கெடைக்காதா?

கெடைக்கும். இத நான் ரொம்ப யோசிச்சிருக்கேன். வேட்டைக்காரங்க எழுதறதப் படிச்சா அவங்க கொன்ன நிமிஷத்தப் பத்தி ரெண்டு வரிதான் எழுதறாங்க, மீதி பக்கம் பூரா கிட்டப் போனதப் பத்திதான், காத்து எந்தப் பக்கம் அடிக்குது, சருகு சத்தம், எத்தன நேரம் அசையாம நின்னோம்னு. அந்தக் கிட்டப் போறது நமக்கும் உண்டு. உலக வில்வித்தை சங்கமே த்ரீடின்னு ஒரு போட்டி நடத்துது, ஃபோம்ல செஞ்ச மான், பன்னி, கரடிய காட்டுக்குள்ள அங்கங்க வெச்சிருப்பாங்க, எவ்ளோ தூரம்னு சொல்ல மாட்டாங்க, கண்ணால அளந்து விடணும். அதுல சைட்டு இல்லாத வில்லுக்குன்னு தனிப் பிரிவே இருக்கு.

எங்க குடோன்ல நாங்க கோணிப்பைல பனியன் வேஸ்ட் அடைச்சு அதுல சாக்பீஸால ஒரு பன்னி வரைஞ்சு, ஒவ்வொரு சுத்துக்கும் வேற வேற தூரத்துல வெப்போம். ஒருத்தருக்கு ஒரே ஒரு அம்பு. ரெண்டாவது சான்ஸ் கெடையாதுன்னு தெரிஞ்சதும் ஆளே மாறிடறாங்க, சும்மா பேசிட்டே பத்து அம்பு விட்டவர் அந்த ஒத்த அம்புக்கு முன்னாடி கால அகட்டி வெச்சு தரைய சரியா மிதிச்சுப் பாக்கறார். அந்த கிக்குக்கு எந்த உசுரும் போக வேண்டியதில்ல.

நம்ம தமிழாளுங்களுக்கும் வில்லுக்கும் என்ன சம்பந்தம்?

சேரனோட கொடி சின்னமே வில்லுதான். கொல்லிமலை வல்வில் ஓரி ஒரே அம்புல யானை, புலி, மான், பன்னி, கடைசில புத்துல இருந்த உடும்பு வரைக்கும் தொளச்சதா புறநானூறு 152வது பாட்டு சொல்லுது, இன்னிக்கும் ஆடி 17, 18ல கொல்லிமலைல அவர் பேர்ல விழா எடுக்கறாங்க. செங்கம் பக்கம் நடுகல் பாத்தீங்கன்னா செத்த வீரன் கைல வில்லோட நிப்பான். திருவொத்தியூர்க்காரங்க அடிக்கடி காளத்தி போவாங்க, அங்க கண்ணப்பர் யாரு, வில்லோட போன வேடன்தான. எங்க கூட்டத்துல ஒரு அக்கா இருக்காங்க, பூ கட்டி விக்கறவங்க, கண்ணப்பர் மேல இருக்கற பக்தில வில்லு எடுத்தவங்க. ஒவ்வொரு தடவையும் வில்லத் தொட்டு கண்ணுல ஒத்திக்கிட்டுதான் நாண் ஏத்துவாங்க, எங்க எல்லாரவிடவும் அவசரம் இல்லாம விடறது அவங்கதான்.

ஏகலைவன் கட்டைவிரல வெட்டிட்டா அம்பே விட முடியாதுங்கறாங்க, ஆனா நீங்க கட்டைவிரலையே யூஸ் பண்றதில்லையே?

நல்ல கேள்வி, இத மொதல்ல கேட்டது வியாசர்பாடி பையன் ஒருத்தன், எட்டாவது படிக்கறான். நாணப் புடிக்கறதுல ரெண்டு பெரிய வழி இருக்கு. ஒண்ணு ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூணையும் கொக்கி மாதிரி போட்டு இழுக்கறது, கட்டைவிரல் சும்மா மடங்கி இருக்கும், நாங்க செய்யறது இதுதான், ஒலிம்பிக்லயும் இதுதான். இன்னொண்ணு கட்டைவிரலால நாணக் கோத்து ஆள்காட்டி விரலால அத பூட்டு போட்டு இழுக்கறது. மங்கோலியர், துருக்கியர், கொரியாக்காரங்க, ஜப்பான்காரங்க வழி அது, முகலாயர் காலத்துல இங்கயும் அதுக்குன்னு பச்சக்கல்லுல கட்டைவிரல் மோதிரம் செஞ்சு போட்டுக்கிட்டாங்க. கட்டைவிரல் வழில இழுக்கறவனுக்குத்தான் கட்டைவிரல் போனா எல்லாம் போச்சு. அந்த ஜார்கண்ட்காரர் கட்டைவிரல நாண் பக்கமே கொண்டு போகல. அவர் ஊர்ப்பக்கம் நெறைய பேர் ஏகலைவன நெனச்சு அப்படித்தான் விடறாங்கன்னு அவரே ஒரு நாள் சொன்னார், சொல்லிட்டு ரொம்ப நேரம் பேசல.

எத்தன பவுண்டுல ஆரம்பிக்கறது? நான் ஜிம் போறேன், நாப்பது இழுப்பேன்.

இழுப்பீங்க, ஆனா புடிச்சு நிக்க முடியாது. பவுண்டுன்னா நாண முழுசா இழுக்கும்போது விரல்ல தாங்கற எடை. பெரியவங்களுக்கு 20லேர்ந்து 25, ஒல்லியா இருக்கறவங்களுக்கும் பதினஞ்சு வயசுப் பசங்களுக்கும் 16லேர்ந்து 20, சின்னப் புள்ளைங்களுக்கு 10லேர்ந்து 14, இதுக்கு மேல ஆரம்பத்துல வேண்டாம். வில்லுல எழுதியிருக்கற பவுண்டு 28 இஞ்ச் இழுத்தா வர்ற கணக்கு. நீங்க எவ்ளோ இழுப்பீங்கன்னு தெரிய ரெண்டு கையையும் விரிச்சு ஒரு விரல் நுனிலேர்ந்து அந்தப் பக்கம் வரைக்கும் அளந்து 2.5ஆல வகுத்துக்கங்க. 66 இஞ்ச் விரிஞ்சா 26.4 வரும். ஒரு இஞ்ச் கொறஞ்சா சுமார் ரெண்டு பவுண்டு, ரெண்டர பவுண்டு கொறையும், அதனால 30ன்னு எழுதின வில்லு உங்க கைல 26 மாதிரிதான் இருக்கும்.

நான் ஆரம்பிச்சப்போ சொல்றதுக்கு ஆளே இல்ல. ஆன்லைன்ல 45 பவுண்டு வில்லு ஒண்ணு வாங்கினேன், வித்தவர் போன்ல நல்லா திடமான ஆளுக்கு இதுதான் சரின்னு சொன்னார். ரெண்டு வாரம் பல்லக் கடிச்சு இழுத்தேன், ஒவ்வொரு தடவையும் தோள் காது வரைக்கும் ஏறிடும், மூணாவது வாரம் காலைல எழுந்தா வலது கையத் தூக்கி பனியன் கழட்ட முடியல. நாலு மாசம் வில்லத் தொடல, அந்த நாலு மாசத்துல நெஞ்சுல இருந்த வேதன தோள் வலியவிட பெருசு, ஏன்னா இனிமே முடியாதோன்னு பயந்துட்டேன். அப்புறம் 22க்கு எறங்கி முழுசா மொதல்லேர்ந்து வந்தேன். இப்ப நான் விடறது 34, அது போதும். கனமான வில்ல வெச்சு யாரும் உங்கள மதிக்கப் போறதில்ல, இழுத்து மூணு நொடி நடுங்காம நிக்க முடியுதா, அந்த வில்லுதான் உங்க வில்லு.

சைட்டு இல்லாம எப்படிப் படும்?

கல்லு எறியும்போது கைய அளந்தா எறியறோம்? மாங்காவப் பாத்து எறியறோம், படுது. அதுதான் இதுவும், ஆனா ஒரு நிபந்தன, ஒவ்வொரு தடவையும் உடம்பு ஒரே மாதிரி நிக்கணும். முக்கியமா ஆங்கர், அதாவது இழுத்த கை முகத்துல வந்து நிக்கற எடம். எனக்கு ஆள்காட்டி விரல் கடவாய் ஓரத்துல வந்து தொடும், தொட்டாதான் விடுவேன். அரை இஞ்ச் மாறினா பதினஞ்சு மீட்டர்ல அம்பு எங்கயோ போகும். அதனால மொத மாசம் குறியே கெடையாது. மூணு நாலு மீட்டர் தூரத்துல வெறும் கோணி மூட்ட, பேப்பர் ஒட்ட மாட்டோம், புள்ளி வெக்க மாட்டோம், பழகினவங்க பக்கத்துல நின்னு கண்ண மூடிட்டு கூட விடச் சொல்லுவோம். புதுசா வர்றவங்களுக்கு இது போர் அடிக்கும்னு தெரியும், ஆனா இத தாண்டி வந்தவங்க யாரும் வருத்தப்பட்டு நான் பாக்கல.

காத்தாடி விட்டவங்க சீக்கிரம் புடிச்சுக்கறாங்க, இது என் அனுபவம். அடுத்தவங்க காத்தாடிய அறுக்க டீல் போட்ட விரலுக்கு நூல் எப்ப எறங்குது எப்ப இழுக்குதுன்னு தெரியும், அந்த விரலுக்கு நாண விடறது சொல்லிக் குடுக்கவே வேணாம்.

மொட்டமாடில விடலாமா? எங்க வீட்டு மாடி நீளமா இருக்கு.

கண்டிப்பா கூடாது. முப்பது பவுண்டு வில்லுலேர்ந்து போற அம்பு நூறு மீட்டர் தாண்டும். நம்ம ஏரியால நூறு மீட்டர்னா எத்தன வீடு, எத்தன மாடில துணி காயப்போடறவங்க, எத்தன புள்ளைங்க? மாஞ்சா நூலு கழுத்தறுத்து பைக்ல போனவங்க, சின்னப் புள்ளைங்க செத்த ஊரு இது, காத்துல விட்ட விஷயம் யார் மேல போய் முடியும்னு நமக்கு யாரும் வெளிய இருந்து சொல்லித் தரணுமா. மாடில இல்ல, சந்துல இல்ல, பீச்சுலயும் இல்ல. காசிமேடு மணல்ல ஆள் இல்லன்னு நெனப்பீங்க, படகுக்குப் பின்னாடி வல பின்னிட்டு ஒருத்தர் ஒக்காந்திருப்பார்.

நாலு பக்கமும் செவுரு, டார்கெட்டுக்குப் பின்னாடி கதவு ஜன்னல் எதுவும் இல்லாத எடம், எல்லாரும் ஒரே கோட்டுல நின்னு விடணும், எல்லாரும் விட்டு முடிச்சு வில்ல கீழ வெச்ச பிறகுதான் அம்பு எடுக்கப் போகணும். வானத்தப் பாத்து ஒரு தடவ கூட விடக்கூடாது. வண்டில கொண்டு வரும்போது நாண் எறக்கி பைல போட்டுக் கொண்டு வாங்க, அம்பு மூடின டப்பால. வில்லத் தோள்ல மாட்டிக்கிட்டு மின்ட் ரோட்ல நடந்து போட்டோ எடுக்கறதெல்லாம் நமக்கு எடத்த விட்டவங்களுக்கு செய்யற துரோகம்.

அம்பு இல்லாம சும்மா இழுத்து விட்டுப் பாக்கலாமா?

கூடாது. அம்பு வாங்கிக்க வேண்டிய வேகம் எல்லாம் வில்லுக்கே திரும்பி வரும், லிம்ப், அதாவது வில்லோட வளையற பகுதி, வெடிச்சு கண்ணுல போகலாம். இழுக்கலாம், ஆனா மெதுவா கையோட திரும்பக் கொண்டு வரணும். கடைல, கூட்டத்துல யார் வில்ல எடுத்துப் பாத்தாலும் இத மொதல்ல சொல்லிடுங்க.

நான் வலது கை, ஆனா இடது கண்ணு நல்லா தெரியும். எந்தப் பக்க வில்லு?

ரெண்டு கையையும் நீட்டி நடுவுல சின்ன முக்கோண ஓட்ட வர்ற மாதிரி சேத்து, தூரத்துல ஒரு கடிகாரத்த அதுக்குள்ள பாருங்க. ஒரு கண்ண மூடுங்க, அப்புறம் மாத்தி மூடுங்க. எந்தக் கண்ணு தொறந்திருக்கும்போது கடிகாரம் உள்ளயே இருக்கோ அதுதான் உங்க தலைமைக் கண்ணு. புதுசா ஆரம்பிக்கறவங்க கண்ணு பக்கமே போங்க, அதாவது இடது கண்ணுன்னா இடது கையால நாண் இழுக்கற வில்லுன்னுதான் நான் சொல்லுவேன், கை ரெண்டு வாரத்துல பழகிடும், கண்ணு பழகாது. கண்ணாடி போடறது ஒரு பிரச்சனையே இல்ல.

எந்த வில்லு வாங்கறது? மூங்கிலா, ஃபைபரா?

மொத ரெண்டு மாசம் வாங்காதீங்க. இங்க இருக்கறத எடுத்து விடுங்க. அப்புறம் வாங்கறதா இருந்தா மூணு துண்டா கழட்டற ரீகர்வ், அதாவது நுனி முன்பக்கமா வளைஞ்ச வில்லு வாங்குங்க, நடுக்கட்ட அப்படியே இருக்கும், பலம் ஏற ஏற லிம்ப மட்டும் மாத்திக்கலாம். மூங்கில் வில்லு அழகு, விலையும் கொறச்சல், நம்ம நாட்ல இந்தியன் ரவுண்டுன்னு மூங்கில் வில்லுக்குன்னே 50 மீட்டர், 30 மீட்டர்ல போட்டி நடக்குது. ஆனா நம்ம எண்ணூர் காத்துல ஈரமும் உப்பும் ஜாஸ்தி, மூங்கில் சொணங்கும், மர அம்பு வளையும், இரும்பு முனை ஒரே மாசத்துல துருப்புடிக்கும். விட்டு முடிச்சதும் நாண் எறக்கணும், வில்ல செவுத்துல சாய்ச்சு வெக்கக்கூடாது, படுக்க வெக்கணும், நாணுக்கு தேன்மெழுகு தேய்க்கணும். காச முதல்ல நாண் அடிக்காம முன்கைல கட்டற கைக்காப்புக்கும், நாண் இழுக்கற விரலுக்குப் போடற தோல் உறைக்கும் போடுங்க, அதுக்கப்புறம் உங்களுக்கு ஏத்த அம்புக்கு, கடைசில வில்லுக்கு.

அம்பு எல்லாம் ஒண்ணுதானே?

இல்ல, இதுலதான் நெறைய பேர் ஏமாறறாங்க. அம்பு நேரா போகுதுன்னு நெனக்கறோம். நாங்க ஒரு தடவ போன்ல ஸ்லோ மோஷன்ல எடுத்துப் பாத்தோம், நாண் தள்ளினதும் அம்பு பாம்பு மாதிரி நெளிஞ்சு வில்லு கட்டைய ஒட்டாம சுத்திக்கிட்டுப் போகுது, கொஞ்ச தூரம் போனப்புறம்தான் நேராகுது. பாத்தவங்க எல்லாரும் வாயடச்சு நின்னாங்க, மறுபடி மறுபடி போட்டுப் பாத்தோம். அந்த நெளிவு உங்க வில்லோட பவுண்டுக்கு ஏத்த மாதிரி இருக்கணும், அதுக்குப் பேர் ஸ்பைன். ரொம்ப வெறப்பான அம்பு ஒரு பக்கம் போகும், ரொம்ப தொளதொளன்னா இன்னொரு பக்கம் போகும், நீங்க உங்க கையத் திட்டிக்கிட்டு இருப்பீங்க.

செய்யணும்னு ஆச இருந்தா செய்யலாம். நல்லா காஞ்ச மெல்லிசு மூங்கில, கணு கிட்ட கிட்ட இல்லாததா பொறுக்கி, அனல்ல காட்டி கையாலயே நிமிர்த்தணும், கண்ணுக்கு நேரா புடிச்சு சுத்திப் பாத்து, மறுபடி காட்டி, மறுபடி நிமிர்த்தி, ஒரு அம்புக்கு அரை நாள் போயிடும். இறகு வான்கோழி றெக்கைலேர்ந்து எடுக்கறது நல்லது, மூணு இறகும் ஒரே பக்க றெக்கையா இருக்கணும், இடதும் வலதும் கலந்தா அம்பு சுத்தாம அல்லாடும்.

பொண்ணு ஒன்பது வயசு, கூட்டிட்டு வரலாமா?

தாராளமா. பொண்ணுங்க பசங்கள விட வேகமா கத்துக்கறாங்க, காரணம் அவங்க பலத்த காட்டணும்னு நெனக்கறதில்ல, சொன்னத சொன்னபடி செய்யறாங்க. ஜம்மு காஷ்மீர் கிஷ்த்வார் பொண்ணு ஷீத்தல் தேவி, ரெண்டு கையும் இல்லாம கால்ல வில்லப் புடிச்சு தோளால இழுத்து 2024 பாரிஸ் பாராலிம்பிக்ல ராகேஷ் குமாரோட சேர்ந்து வெண்கலம் வாங்கினப்போ அந்தப் பொண்ணுக்கு 17 வயசு. எங்க குடோன் செவுத்துல ஒட்டியிருக்கற ஒரே போட்டோ அந்தப் பொண்ணோடதுதான்.

பின்னாடி ஒலிம்பிக் வில்லுக்கு மாறணுமா?

உங்க விருப்பம். ஒலிம்பிக் ரீகர்வ்ல 70 மீட்டர் தூரம், 122 சென்டிமீட்டர் டார்கெட்டு, நடுவுல பத்து மார்க் வட்டம் 12.2 சென்டிமீட்டர், நல்ல செட்டு லட்சத்த தாண்டும். வயசும் வெறியும் இருக்கற பசங்கள நாங்களே கோச் இருக்கற எடத்துக்கு அனுப்பி வெக்கறோம். ராஜஸ்தான் லிம்பா ராம் மூங்கில் வில்லுல காட்டுல அம்பு விட்டு வளந்தவர், மூணு ஒலிம்பிக் ஆடினார், 1992 பெய்ஜிங் ஆசிய வில்வித்தை சாம்பியன்ஷிப்ல உலக சாதனைய சமன் செஞ்சார். மூங்கில்ல ஆரம்பிச்சா அங்க போக முடியாதுன்னு யாராவது சொன்னா அவர் பேரச் சொல்லுங்க. மாறாம எங்களோடயே இருக்கறவங்களும் இருக்காங்க, ஷிப்ட் முடிஞ்சு வந்து பன்னெண்டு அம்பு விட்டுட்டு ஒண்ணும் பேசாம வீட்டுக்குப் போறவர் ஒருத்தர் ஆறு வருஷமா வர்றார்.

சரிண்ணா, வர்ற ஞாயித்துக்கிழம வரேன். என்ன எடுத்துட்டு வரணும்?

ஒடம்போட ஒட்டின சட்ட, தொளதொளன்னு கை இருந்தா நாண்ல மாட்டும். சங்கிலி, தொங்கட்டான் கழட்டிடுங்க, முடிய கட்டிக்கங்க. ஷூ போடுங்க, ஏன்னா தவறின அம்பு தரைல சொருகி நிக்கும், செருப்போட நடந்தா கால்ல ஏறும். வெறும் வயித்துல வராதீங்க, ரெண்டு இட்லியாவது சாப்பிட்டு வாங்க, கை நடுங்கும். தண்ணி பாட்டில் ஒண்ணு. ஆறர மணிக்கு ஆரம்பிச்சு ஒன்பதுக்கு முடிச்சிடுவோம், அதுக்கு மேல தகர ஷெட்டுல நிக்க முடியாது. கேட்டு தொறந்திருந்தாலும் நேரா உள்ள வராதீங்க, வெளிய நின்னு ஒரு குரல் குடுங்க, உள்ளேர்ந்து "வாங்க"ன்னு சத்தம் வந்த பிறகு வாங்க.